நெப்போலியன் உயிரைப் பறித்தது எது? ஒரு வயிற்று வலியும் 200 ஆண்டு விவாதமும்

1821 மே 5, மாலை 5.49 மணி. அட்லான்டிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் போனபார்ட் இறந்தார். வயது 51. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆட்டிப் படைத்தவர், கடைசி ஐந்தரை வருடங்களை பிரிட்டிஷ் கைதியாக அந்தத் தீவில்தான் கழித்தார்.

அவர் எப்படி இறந்தார் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஆர்சனிக் விஷம், கல்லீரல் நோய், டாக்டர்கள் கொடுத்த தப்பான மருந்து, வயிற்றுப் புற்றுநோய் என்று வரிசையாகப் பதில்கள் வரும். இதில் எது உண்மை? ஒரு மனிதரின் வயிற்று வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருடம் ஆனது?

காரணம் மருத்துவம் மட்டும் இல்லை, அரசியலும்தான். கல்லீரல் நோய் என்றால் தீவின் தட்பவெப்பம் அவரைக் கொன்றது என்று அர்த்தம். அவரை அங்கே அடைத்து வைத்த பிரிட்டன் பதில் சொல்ல வேண்டும். வயிற்றுப் புற்றுநோய் என்றால் அது அப்பாவிடம் இருந்து வந்த வியாதி. யார் மீதும் பழி இல்லை. ஆக, நோய்க்கு என்ன பெயர் வைப்பது என்பதே அன்றைக்கு இரு நாட்டுப் பிரச்சினை.

அப்பாவின் வயிற்றில் ஒரு கட்டி

நெப்போலியன் பிறந்தது 1769 ஆகஸ்ட் 15, கோர்சிகா தீவின் அஜாசியோ நகரில். அதற்கு முந்தைய வருடம்தான் அந்தத் தீவு பிரான்ஸ் கைக்கு வந்திருந்தது. அப்பா கார்லோ ஒரு வழக்கறிஞர். அம்மா லெட்டிசியா. பிள்ளைகளில் எட்டுப் பேர் பிழைத்து வளர்ந்தார்கள்.

நெப்போலியனுக்கு 9 வயதானபோது பிரான்ஸின் பிரியென் ராணுவப் பள்ளியில் சேர்த்துவிட்டார் அப்பா. பையன் கணக்கில் கெட்டிக்காரன். 1784-ல் பாரிஸ் ராணுவக் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் கார்லோவுக்கு வயிற்று வலி முற்றியது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, தொடர்ந்து வாந்தி. நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று மோன்பெல்லியே நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். பலன் இல்லை. 1785 பிப்ரவரி 24-ல் கார்லோ இறந்தார். வயது 38.

அவர் உடலை அறுத்துப் பார்த்தபோது, இரைப்பை சிறுகுடலோடு சேரும் வாய்ப்பகுதியில் கெட்டியான கட்டி ஒன்று இருந்தது. சாப்பாடு கீழே இறங்கும் வழியையே அது அடைத்திருந்தது. இன்றைய டாக்டர்கள் அந்தக் குறிப்பைப் படித்தால் முதலில் நினைப்பது இரைப்பைப் புற்றுநோயைத்தான்.

அப்போது நெப்போலியனுக்கு 15 வயது. பாரிஸில் இருந்ததால் அப்பாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லை. குடும்பத்தில் வருமானம் நின்றுபோனது. இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் முடித்துவிட்டு, 16 வயதில் பீரங்கிப் படையில் செகண்ட் லெப்டினென்ட் ஆனார். அப்பாவைக் கொன்ற அந்த வியாதி தனக்கும் வருமோ என்ற பயம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

லெப்டினென்ட் டு சக்கரவர்த்தி: 19 வருடம்

பிரெஞ்சுப் புரட்சி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1793-ல் டூலோன் துறைமுகத்தை மீட்ட சண்டையில் பீரங்கிகளை எங்கே நிறுத்துவது என்று அவர் போட்ட கணக்கு பலித்தது. 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல். 1796-ல் இத்தாலியப் படையெடுப்பு. 1798-ல் எகிப்து.

எகிப்து பயணத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷாருக்கு எதிராகக் கைகோர்க்க மைசூரின் திப்பு சுல்தானுக்கு நெப்போலியன் 1799-ல் ஒரு கடிதம் எழுதினார். அது வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கியது. அதே வருடம் மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கொல்லப்பட்டார். அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இருந்த ஓர் இளம் அதிகாரியின் பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் அவர்தான்.

1799 நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றினார். 1804-ல் பேரரசராக முடிசூடினார். அதே வருடம் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்பு இன்றும் பல நாட்டுச் சட்டங்களுக்கு அடித்தளம். மறுபக்கமும் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் புரட்சி ஒழித்த அடிமை முறையை 1802-ல் திரும்பக் கொண்டுவந்ததும் இவர்தான். இவர் நடத்திய போர்களில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

இத்தனைக்கும் நடுவில் சாப்பாடு? அது அவருக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். விருந்து என்றாலும் பெரும்பாலும் இருபது நிமிடத்தைத் தாண்டாது. நேரம் காலம் கிடையாது, தூக்கமும் குறைவு. டெட்லைன் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான கதைதான்.

கோட்டுக்குள் கை: வயிற்று வலியா?

நெப்போலியன் என்றாலே நினைவுக்கு வரும் படம், கோட்டுக்குள் கையை நுழைத்தபடி நிற்பது. வயிற்று வலியைத் தாங்க முடியாமல்தான் அப்படிக் கையை வைத்திருந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது.

அது உண்மை இல்லை. 18-ம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களை ஓவியமாக வரையும்போது வழக்கமாக வைக்கும் போஸ் அது. நிதானமான, கண்ணியமான ஆள் என்று காட்டுவதற்காக. வேறு பலரின் ஓவியங்களிலும் அதே போஸைப் பார்க்கலாம். ஜாக் லூயி டேவிட் 1812-ல் வரைந்த ஓவியம் பிரபலமாகிவிட்டதால், அந்த போஸ் நெப்போலியனுக்கே உரியதுபோல ஆகிவிட்டது. ஓவியத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தீவு

1812-ல் ரஷ்யப் படையெடுப்பு படுதோல்வி. 1814-ல் பதவி துறந்து எல்பா தீவுக்குப் போனார். 1815-ல் அங்கிருந்து தப்பி வந்து மறுபடி ஆட்சியைப் பிடித்தார். அந்த ஆட்சி நூறு நாள் அளவுக்குத்தான் நீடித்தது. ஜூன் 18, வாட்டர்லூ. எல்லாம் முடிந்தது.

இந்த முறை பிரிட்டன் ரிஸ்க் எடுக்கவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் இருந்தே சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பியது. அந்தத் தீவு அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து; இந்தியாவில் இருந்து லண்டன் திரும்பும் கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம். வெல்லஸ்லியும் 1805-ல் இந்தியாவில் இருந்து ஊர் திரும்பும்போது அங்கே தங்கியிருந்தார்.

1815 அக்டோபரில் நெப்போலியன் அங்கே வந்து சேர்ந்தார். லாங்வுட் என்ற வீட்டில் குடியமர்த்தினார்கள். ஈரமான, காற்று வீசும் மேட்டு நிலம். சுவர்களில் பூஞ்சை. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிக் குதிரையில் போக வேண்டுமானால் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கூடவே வருவார். அது அவமானம் என்று நெப்போலியன் வெளியே போவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார். நடை குறைந்தது, உடம்பு பருத்தது.

1816-ல் ஆளுநராக வந்த ஹட்சன் லோவுக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் இருந்தே ஒத்துப்போகவில்லை. தப்பித்துவிடுவாரோ என்ற பயம் லோவுக்கு. தன்னைப் பேரரசர் என்று அழைக்க மறுக்கிறாரே என்ற கோபம் நெப்போலியனுக்கு.

டயக்னோசிஸ் சொன்ன டாக்டருக்கு ராணுவ விசாரணை

முதல் டாக்டர் பேரி ஓமியரா, ஐரிஷ்காரர், கடற்படை மருத்துவர். நெப்போலியனுக்கு வலது பக்க வயிற்று வலி ஆரம்பித்தபோது, இது கல்லீரல் அழற்சி, தீவின் தட்பவெப்பம்தான் காரணம் என்றார். லோவுக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே இருவருக்கும் உரசல். 1818-ல் ஓமியராவை வேலையில் இருந்து தூக்கினார்கள்.

அடுத்து 1819 ஜனவரியில் அழைக்கப்பட்டவர் ஜான் ஸ்டோக்கோ. சில நாள் பார்த்துவிட்டு அவரும் கல்லீரல் என்றே எழுதினார். விளைவு? ராணுவ நீதிமன்ற விசாரணை. சட்டத்தில் உள்ளபடி ஜெனரல் போனபார்ட் என்று எழுதாமல், நோயாளி என்று குறிப்பிட்டதுகூடக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கடற்படையில் இருந்தே அவர் நீக்கப்பட்டார்.

இதன் பலனை யோசித்துப் பாருங்கள். அடுத்து வரும் டாக்டர் நேர்மையாக எதையாவது எழுதுவாரா? 1819-ல் பல மாதங்கள் நெப்போலியன் ஏற்றுக்கொண்ட டாக்டர் என்று யாருமே தீவில் இல்லை. செப்டம்பரில்தான் அவர் குடும்பம் ஏற்பாடு செய்த பிரான்செஸ்கோ அன்டோமார்க்கி வந்தார். அவரும் கோர்சிகாக்காரர்தான். ஆனால் உடற்கூறியலில் தேர்ந்தவர். நோயாளிகளைப் பார்த்த அனுபவம் குறைவு. நெப்போலியனுக்கு அவர் மேல் நம்பிக்கையே வரவில்லை.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஓமியராவும் ஸ்டோக்கோவும் துணிச்சலானவர்கள்தான். அதற்காக அவர்கள் சொன்ன நோய் சரியாகிவிடாது. அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் பார்க்க வழியே இல்லை. ஸ்கேன் கிடையாது, எண்டோஸ்கோபி கிடையாது. ஸ்டெதஸ்கோப்பே 1816-ல்தான் பாரிஸில் கண்டுபிடிக்கப்பட்டது. வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். இரைப்பையும் கல்லீரலும் ஒட்டிக்கொண்டு இருக்கும் உறுப்புகள். எதில் வலி என்று வெளியில் இருந்து சொல்வது கஷ்டம்.

கடைசி ஆறு மாதம்

1820 கடைசியில் நிலைமை மோசமானது. வயிற்றுக்குள் கத்தியால் அறுப்பதுபோல வலி. பசி போனது. வாந்தி, விக்கல், கை கால் சில்லிடுதல், களைப்பு. 1821 மார்ச் நடுவில் படுத்த படுக்கையானார். அன்டோமார்க்கி வாந்தி வரவைக்கும் மருந்தைக் கொடுத்தார். அது வலியைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

ஏப்ரல் 1-ல் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ஆர்ச்சிபால்ட் ஆர்னட் வந்து பார்த்தார். ஆரம்பத்தில் இது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது, ஆபத்து இல்லை என்றே அவர் நினைத்தார். ஒரு மாதத்தில் அவர் கணிப்பு பொய்யானது.

நெப்போலியன் மட்டும் தனக்கு என்ன என்பதில் தெளிவாக இருந்தார். அப்பாவுக்கு வந்ததுதான் தனக்கும் வந்திருக்கிறது என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். ஏப்ரல் நடுவில் உயில் எழுதினார். தான் இறந்ததும் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும், முக்கியமாக இரைப்பையை நன்றாகச் சோதிக்க வேண்டும், அந்த அறிக்கையைத் தன் மகனிடம் சேர்க்க வேண்டும் என்று அன்டோமார்க்கியிடம் கேட்டுக்கொண்டார். அப்போது மகனுக்கு 10 வயது. வியன்னாவில் தாத்தா வீட்டில் இருந்தான்.

மே 3-ல் பிரிட்டிஷ் டாக்டர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். மலச்சிக்கலைச் சரிசெய்ய கேலமெல், அதாவது பாதரச உப்பு, பத்து கிரெயின் கொடுக்கலாம் என்று. அது வழக்கமான அளவைவிடப் பலமடங்கு. அன்டோமார்க்கி எதிர்த்தார், கேட்கவில்லை. அதன் பிறகு கறுப்பு நிறத்தில் மலம் ஏராளமாகப் போனது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் தார்போலக் கறுக்கும். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது.

பில்லியர்ட்ஸ் அறையில் பிரேதப் பரிசோதனை

மே 6 மதியம். லாங்வுட் வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் மேசை போட்டுப் பரிசோதனை நடந்தது. அறுத்தவர் அன்டோமார்க்கி. சுற்றி நின்றவர்கள் பிரிட்டிஷ் டாக்டர்கள்.

இரைப்பையின் உட்பக்கத்தில் கிட்டத்தட்ட முழுவதும் புண்ணும் கெட்டிப்பட்ட திசுவும் பரவியிருந்தது. உணவுக்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மட்டுமே நன்றாக இருந்தது. சிறுகுடல் வாய்க்கு அருகே விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையின் மேல் கல்லீரல் ஒட்டிக்கொண்டு மூடி போட்டதுபோல அடைத்திருந்தது. அது மட்டும் நடக்காமல் இருந்தால், இரைப்பையில் உள்ளதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டி அவர் முன்பே இறந்திருப்பார். உள்ளே காபித் தூள் கலந்ததுபோல ஒரு கறுத்த திரவம் நிறைந்திருந்தது. அமிலத்தில் ஊறிய ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

கல்லீரல் ஏன் வலித்ததுபோலத் தோன்றியது என்பதற்கும் இங்கேயே ஒரு விடை கிடைக்கிறது. வியாதி இரைப்பையில் இருந்தாலும், அது கல்லீரலைத் தன்னோடு ஒட்டவைத்துவிட்டது.

ஆனாலும் சண்டை தீரவில்லை. கல்லீரல் பெரிதாக இருக்கிறது என்றார் டாக்டர் தாமஸ் ஷார்ட். மற்றவர்கள் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். ஷார்ட் எழுதிய அந்த வரியை லோ உத்தரவின்பேரில் அறிக்கையில் இருந்து நீக்கினார்கள். பிரிட்டிஷ் அறிக்கையில் அன்டோமார்க்கி கையெழுத்தே போடவில்லை. ஒரே உடல், ஒரே மேசை. ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாத அறிக்கைகள். சந்தேகத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

ஆர்சனிக் கதை எங்கிருந்து வந்தது?

1961-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவர் ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுட் தன் சகாக்களுடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெப்போலியனின் முடியில் ஆர்சனிக் அளவு மிக அதிகம் என்று அது சொன்னது. கூடவே இருந்தவர்களில் யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைத்தார்கள் என்ற கதை அதிலிருந்து வளர்ந்தது. புத்தகங்கள், டாக்குமென்டரிகள் என்று செம ஹிட்.

1980-களில் இன்னொரு கோணம் வந்தது. லாங்வுட் வீட்டுச் சுவர்த்தாளின் பச்சை நிறத்தில் ஆர்சனிக் இருந்தது; ஈரத்தில் பூஞ்சை பிடித்தபோது அது காற்றில் கலந்திருக்கலாம் என்றார்கள்.

2008-ல் இத்தாலிய இயற்பியலாளர்கள் இதற்கு நல்ல ஒரு சோதனை செய்தார்கள். செயின்ட் ஹெலினா முடியை மட்டும் பார்க்காமல், நெப்போலியன் சிறுவனாக கோர்சிகாவில் இருந்தபோது எடுத்த முடி, எல்பாவில் எடுத்த முடி, மனைவி ஜோசஃபின், மகன் ஆகியோரின் முடி எல்லாவற்றையும் அளந்தார்கள். எல்லாவற்றிலும் ஆர்சனிக், இன்றைய மனிதர்களைவிட நூறு மடங்கு அளவுக்கு. சாயம், மருந்து, பசை என்று அந்தக் காலத்தில் எங்கும் ஆர்சனிக்தான். அப்படின்னா கடைசிக் காலத்தில் யாரோ தனியாக விஷம் வைத்தார்கள் என்பதற்கு அந்த முடி ஆதாரம் ஆகாது.

பேன்ட் இடுப்பளவு சொன்ன சேதி

புற்றுநோய் என்பதை நம்பாதவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. புற்றுநோய் வந்தால் ஆள் இளைத்துத் துரும்பாவார். நெப்போலியன் வயிற்றில் ஓர் அங்குலத்துக்கும் மேல் கொழுப்பு இருந்ததாகப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறதே?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ லுக்லி குழு இதற்கு வித்தியாசமான வழி கண்டுபிடித்தது. அருங்காட்சியகங்களில் இருக்கும் நெப்போலியனின் பேன்ட்களின் இடுப்பளவை அளந்து, அந்தந்தக் காலத்தில் அவர் எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டது. 1820 வரை எடை ஏறி 90 கிலோவைத் தொட்டிருக்கிறது. கடைசி ஒரு வருடத்தில் மட்டும் 10 கிலோவுக்கும் மேல் குறைந்திருக்கிறது. குண்டாக இருந்தவர் இளைத்த பிறகும் குண்டாகவே தெரிந்தார், அவ்வளவுதான்.

2007-ல் லுக்லியும் அமெரிக்காவின் ராபர்ட் ஜென்டாவும் அடங்கிய குழு அடுத்த படிக்குப் போனது. 1821 அறிக்கைகளில் உள்ள வர்ணனையை, சாதாரண அல்சர் 50, இரைப்பைப் புற்றுநோய் 50 என நவீன படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சாதாரண அல்சர் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தாறுமாறாக இருக்காது. 10 சென்டிமீட்டரைத் தாண்டிய, நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிய முற்றிய புற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தது. இன்றைக்கு அதே நிலையில் ஒருவர் வந்தால்கூட, பிழைக்கும் வாய்ப்பு குறைவுதான் என்றார்கள் அவர்கள்.

அப்பாவிடம் இருந்து வந்ததா? அவசியமில்லை என்கிறது அந்த ஆய்வு. அவர்களின் சந்தேகம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா மேல். சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றி, வருடக்கணக்கில் இரைப்பையைப் புண்ணாக்கும் கிருமி இது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். உப்பில் ஊறிய படைச் சாப்பாடும் சேர்ந்துகொண்டால் ஆபத்து கூடும்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

நெப்போலியனுக்கு வந்தது முற்றிய நிலையில் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருந்திருக்கும். ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றுநோய் என்பதற்கு 1962-ல் ஜப்பானிய டாக்டர்கள்தான் தெளிவான வரையறை கொடுத்தார்கள். இரைப்பைச் சுவரின் மேல் இரண்டு அடுக்கோடு நின்றால் அது ஆரம்ப நிலை. அங்கேயே பிடித்துவிட்டால் ஐந்து வருடம் கடந்து வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். சில சமயம் வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோபி வழியாகவே சீவி எடுத்துவிடலாம்.

பிரச்சினை என்னவென்றால், அது பெரும்பாலும் கட்டி மாதிரியே இருக்காது. டாக்டர்களையே ஏமாற்றும் சில வகைகள் உண்டு:

- தட்டையானது: மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. லேசான நிறமாற்றம் மட்டும். நீலச் சாயம் தெளித்தோ, சிறப்பு ஒளியில் பார்த்தோதான் பிடிக்க முடியும்.
- அல்சர் வேஷம் போடுவது: புற்றுநோயின் மேலேயே ஒரு புண் வரும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் அந்தப் புண் ஆறிவிடும், வலியும் போய்விடும். அடியில் புற்றுநோய் அப்படியே இருக்கும். இதனால்தான் இரைப்பை அல்சரில் பயாப்ஸி எடுப்பதும், ஆறிய பிறகு மறுபடி எண்டோஸ்கோபி செய்து பார்ப்பதும்.
- அடியில் பரவுவது: மேல்தோல் நன்றாக இருக்கும். செல்கள் அடியில் பரவி, இரைப்பையே தோல் பைபோல விறைத்துப்போகும். மேலாக எடுத்த பயாப்ஸியில் எதுவும் இல்லை என்றே வரலாம்.
- பரம்பரையாக வருவது: 1998-ல் நியூசிலாந்தின் ஒரு மாவோரி குடும்பத்தில் சிடிஎச்1 என்ற மரபணுவின் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பிழை உள்ளவர்களுக்கு, பார்க்க நன்றாக இருக்கும் இரைப்பையிலேயே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புற்றுகள் இருக்கும். எண்டோஸ்கோபியை நம்ப முடியாததால் பலர் முன்கூட்டியே இரைப்பையை அகற்றிக்கொள்கிறார்கள்.

சரி, எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

நெஞ்செரிச்சல் எல்லாருக்கும் வரும்; எல்லாம் புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் இல்லவே இல்லை. ஆனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுவது, நோயை மறைத்துவிடும். காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிக்கடி வாந்தி, விழுங்கக் கஷ்டம், ரத்தசோகை, கறுத்த மலம் என எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று என்பதை அங்குள்ள பதிவேடு காட்டுகிறது.

வெள்ளிக் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் சாட்சி

பரிசோதனை முடிந்ததும் நெப்போலியனின் இதயத்தையும் இரைப்பையையும் வெள்ளிப் பாத்திரங்களில் வைத்துச் சவப்பெட்டிக்குள்ளேயே மூடினார்கள். 1840-ல் உடலை பாரிஸுக்கு எடுத்துப்போகத் தோண்டியபோது பெட்டியைச் சில நிமிடம் திறந்து பார்த்தார்கள். பாத்திரங்களைத் திறக்கவில்லை. இன்று இன்வாலிட் மாளிகையில் அடுக்கடுக்கான சவப்பெட்டிகளுக்குள் அது இருக்கிறது. 1821-ல் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அதனால் புற்றுநோய் என்ற முடிவு, அறிக்கைகளை வைத்து எட்டிய மிக வலுவான முடிவுதான். திசுவைப் பார்த்துச் சொன்னது இல்லை.

அவர் கேட்டுக்கொண்ட அந்த அறிக்கையால் மகனுக்குப் பலன் கிடைக்கவில்லை. அவன் 1832-ல் வியன்னாவில் காசநோயால் இறந்தான், 21 வயதில். ஆனால் இன்று வயிற்று வலி என்று போகிறவரிடம், வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று எந்த டாக்டரும் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நெப்போலியன் தன் மகன் கையில் கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.